சம்பளம் 42,000, இருபதாம் தேதி கை காலி: காசு எங்கதான் போகுது?

நீங்க எழுதுனத முதல்ல ஒருதடவ சுருக்கிச் சொல்லிடுறேன், பின்னாடி கணக்கு போடும்போது குழப்பம் வராது. கைக்கு வர்றது 42,000. சென்னைல வாடகை வீடு, வீட்ல ஒருத்தர் சம்பளம்தான், மூணாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு. இருபதாம் தேதி ஆனா அக்கவுண்ட்ல ஒண்ணும் இல்ல. செலவு எழுதுற ஆப் போட்டு ரெண்டு மாசம் எழுதியும் பாத்துட்டீங்க, பெருசா வீண்செலவுன்னு எதுவும் கண்ணுல படல. ஆனா வருஷா வருஷம் ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸுக்கு வளையல் அடகுக்குப் போகுது, கிரெடிட் கார்டுல 18,000 நிக்குது, மினிமம் மட்டும் கட்டிட்டு வர்றீங்க. யாரக் கேட்டாலும் டீயக் குறை, வெளிய சாப்பிடாத, 50-30-20 (சம்பளத்துல 50 பர்சென்ட் தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு) ஃபாலோ பண்ணுன்னு சொல்றாங்க, இதுல எத செய்யன்னு கேக்குறீங்க.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன். தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னு வீட்டுக் கணக்கும் நிறைய பாத்திருக்கேன். நேரா சொல்றேன், டீ பிரச்சனையே இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு டீ, 15 ரூபான்னு வச்சா மாசம் 900. அதை அப்படியே நிறுத்திட்டாலும் ஜூன்ல வளையல் அடகுக்குப் போகத்தான் போகுது, டீயும் இல்லாம போகும், அவ்ளோதான் வித்தியாசம். 50-30-20 எல்லாம் சொந்த வீடு இருக்குறவனுக்கும் ரெண்டு சம்பளம் வர்ற வீட்டுக்கும் ஓகே, வாடகையே சம்பளத்துல மூணுல ஒரு பங்கு போற வீட்ல அது வேலைக்கு ஆகாது, விடுங்க.

உங்க ஆப் ஏன் எதையும் காட்டலன்னா, நீங்க எழுதுன ரெண்டு மாசமும் சாதாரண மாசம். ஃபீஸ் இல்ல, தீபாவளி இல்ல, கல்யாணம் கம்மி. நம்ம ஊர்ல ஒரு வீட்டோட உண்மையான செலவு மாசக் கணக்குல தெரியாது, வருஷக் கணக்குல எழுதினாத்தான் தெரியும். நீங்க குடுத்த நம்பர வச்சே எழுதிப் பாத்தேன். ஸ்கூல் ஃபீஸ், புக்கு, யூனிஃபார்ம் எல்லாம் சேத்து 45,000. தீபாவளிக்கு துணி, பலகாரம், பட்டாசு, ஊருக்குப் போய் வர்ற பஸ் டிக்கெட் எல்லாம் சேத்து 20,000. பொங்கலுக்கு 7,000. மொய்யும் அதுக்குப் போக வர ஆகுற செலவும் 18,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 6,000. ஹெல்த் இன்சூரன்ஸ் 15,000. மொத்தம் 1,11,000. இத பன்னெண்டால வகுத்தா மாசம் 9,250.

இப்ப என்ன அர்த்தம்னா, உங்க சம்பளம் 42,000 கிடையாது, 32,750. மீதி 9,250 வந்த அன்னைக்கே வேற யாருக்கோ சொந்தமான காசு, ஸ்கூலுக்கு, துணிக்கடைக்கு, யாரு வீட்டு கல்யாணத்துக்கோ. அது உங்க அக்கவுண்ட்லயே கிடக்குறதால உங்க காசுன்னு நெனச்சு ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் செலவு பண்ணிடுறீங்க, அப்புறம் ஜூன் வந்ததும் "திடீர்னு" ஃபீஸ் வந்துருச்சுன்னு அடகுக்கடைக்கு ஓடுறீங்க. ஸ்கூல் திறக்குற மாசம் எதுன்னு எல்லாருக்கும் தெரியும், தீபாவளி தேதி காலண்டர்ல ஒரு வருஷம் முன்னாடியே போட்டிருக்கு, இதுல திடீர்னு எதுவுமே இல்ல. அந்த 45,000ஐ அடகுக்கடைல ரெண்டு வட்டிக்கு வாங்கி தீபாவளி போனஸ்ல மீட்டா அஞ்சு மாசத்துக்கு வட்டி மட்டும் 4,500. ஆக ஃபீஸ் 45,000 இல்ல, 49,500.

மாசச் செலவ பாப்போம். வாடகை 13,000, பைக் இஎம்ஐ 3,200, கரண்டு மாசக் கணக்குக்கு 1,300 (ரெண்டு மாச பில்லுல பாதி), கேஸ் 900, ஃபோனு நெட்டு 1,100, பால் 1,500, கேன் தண்ணி 500. கூட்டினா 21,500. 32,750ல இத கழிச்சா 11,250 நிக்கும். மளிகைக்கு 5,000 எடுத்து வச்சிட்டா மிச்சம் 6,250, அதாவது வாரத்துக்கு 1,450 வாக்குல. இந்த 1,450லதான் காய்கறி, ஞாயித்துக்கிழமை கறி மீனு, பெட்ரோலு, டீ, பொண்ணுக்கு ஸ்கெட்ச் பென்சில் சார்ட்டுன்னு எல்லாமே. பாத்தீங்களா, கணக்கு சரியா முட்டிக்கிட்டு நிக்குது, சேமிப்பு ஜீரோ, கார்டுக்கு கட்டுறதுக்கு இடமே இல்ல. அதனால யாராவது உங்ககிட்ட வந்து மாசம் 8,000 எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடுறது) போடுன்னு சொன்னா சிரிச்சிட்டு நகந்துடுங்க. உங்க நிலைமைல இந்த வருஷத்து இலக்கு ரெண்டே ரெண்டு, கார்டு கடன் அடையணும், அடுத்த ஜூன்ல வளையல் வீட்ல இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல அக்கவுண்ட்ட பிரிங்க, இத செய்யாம மீதி எத செஞ்சும் பிரயோஜனம் இல்ல. சம்பளம் வர்ற அக்கவுண்ட் ஒண்ணு இருக்கு, அதுல இருந்து வாடகை, இஎம்ஐ, பில்லு மட்டும் போகட்டும். ரெண்டாவது வருஷச் செலவு அக்கவுண்ட், இத போஸ்ட் ஆபீஸ்லயோ வீட்டுப் பக்கத்துல இருக்குற ஏதாவது ஒரு பேங்க்லயோ வச்சுக்குங்க, ஏடிஎம் கார்டு வாங்காதீங்க, ஜிபேல சேக்காதீங்க, அந்த பேங்க் ஆப்ப ஃபோன்லயே போடாதீங்க. எடுக்கணும்னா நேர்ல போய் சலான் எழுதணும்னு இருக்கணும், அந்த அலுப்புதான் உங்களுக்கு காவல். சம்பளம் வந்த மறுநாளே 9,250 தானா இதுக்குப் போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் குடுத்துடுங்க (இதுக்கு போஸ்ட் ஆபீஸவிட பேங்க் சுலபம்). இதுல ஸ்கூல் ஃபீஸ் பங்கு 3,750ஐ மட்டும் தனியா ஆர்டியா (மாசாமாசம் கட்டி முடிவுல மொத்தமா எடுக்குற டெபாசிட்) போட்டு மே மாசம் முடியுற மாதிரி வச்சா இன்னும் நல்லது. வட்டிக்காக சொல்லல, ஒரு வருஷத்துல வட்டி ஒண்ணும் பெருசா வராது, ஆர்டின்னு பேரு வச்சிட்டா நம்மாளுங்க கை வைக்க மாட்டாங்க அதுக்காக.

முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் கஷ்டம். இப்பலேர்ந்து மே வரைக்கும் பன்னெண்டு மாசம் இருக்காது, அதனால முழு 45,000 சேராது. போனஸ்ல ஒரு பகுதிய அதுல போடுங்க, அப்பவும் பத்தலன்னா பள்ளிக்கூடத்துல டெர்ம் டெர்மா கட்டலாமான்னு கேளுங்க, நிறைய ஸ்கூல்ல கேட்டா ஒத்துக்குறாங்க, கேக்கத்தான் நமக்கு கூச்சம். ரெண்டு வளையலுக்கு பதிலா ஒரு வளையல் போனாலும் முன்னேற்றம்தான்.

மூணாவது அக்கவுண்ட் வாரச் செலவுக்கு. ஜிபே, ஃபோன்பே எதுவா இருந்தாலும் இந்த ஒரு அக்கவுண்ட் மட்டும்தான் அதுல லிங்க் ஆகியிருக்கணும், ஒவ்வொரு திங்கக்கிழமையும் 1,450 இதுக்கு மாத்துங்க, தீந்துபோச்சுன்னா அடுத்த திங்கள் வரைக்கும் தீந்துபோச்சுதான். இன்னொரு அக்கவுண்ட் திறக்க சோம்பேறித்தனமா இருந்தா யூபிஐ லைட்ட யூஸ் பண்ணலாம், அதுல 5,000 வரைக்கும் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் நம்பர் அடிக்காமலே போகும். ஆனா பின் அடிக்காம போறதுல ஒரு சிக்கல், காசு போறதே தெரியாது, அதனால ஆட்டோ டாப்-அப்ப மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, அப்புறம் வார பட்ஜெட்டுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். அப்படியே யூபிஐ ஆப்ல ஆட்டோபேன்னு ஒரு இடம் இருக்கும், போய் பாருங்க, எப்பவோ ட்ரையலுக்கு போட்ட ஏதோ ஒரு ஓடிடி, ஏதோ ஒரு எடிட்டிங் ஆப்புன்னு மாசம் 199 இழுத்துட்டு இருக்கும். முக்காவாசி பேருக்கு ஒண்ணாவது மாட்டும்.

அடுத்து கார்டு. இதுதான் உங்க வீட்லயே விலை ஜாஸ்தியான பொருள். நம்ம ஊர் கார்டுகள்ல வட்டி மாசத்துக்கு மூன்றரைல இருந்து மூணே முக்கால் பர்சென்ட் போடுறாங்க, அதாவது வருஷத்துக்கு 42ல இருந்து 45 பர்சென்ட். 18,000க்கு மூன்றரைன்னா மாசம் 630, அந்த வட்டி மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, ஆக 740 கிட்ட. மினிமம் டியூ பொதுவா பாக்கில 5 பர்சென்ட், அதாவது 900. நீங்க கட்டுற 900ல 740 வட்டிக்கே போயிடுது, அசல்ல குறையுறது 160 ரூபா. இதுல இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, பாக்கி வச்சிருக்குற கார்டுல புதுசா எத வாங்கினாலும் அதுக்கு அந்த 45 நாள் வட்டி இல்லாத காலம் கிடைக்காது, வாங்குன நாள்ல இருந்தே வட்டி ஓடும். அதனால இன்னைக்கே அந்த கார்ட எல்லா ஆப்ல இருந்தும் டெலிட் பண்ணுங்க.

நான் சொல்றது உங்க வீட்ல பிடிக்காம போகலாம், ஆனா கணக்குப்படி சரி: அடகு வைக்கிறதா இருந்தா இதுக்கு வைங்க. பேங்க்ல நகைக் கடன் வட்டி வருஷத்துக்கு பத்து பர்சென்ட் பக்கம்தான் வரும், 18,000 வாங்கி கார்ட ஒரே அடியா மூடிட்டா மாச வட்டி 740ல இருந்து 150க்கு இறங்கிடும். அடகுன்னாலே அவமானம்னு நெனச்சுக்கிட்டு அதைவிட நாலு மடங்கு வட்டிய கார்டுக்கு கௌரவமா கட்டிட்டு இருக்கோம். அடகுக்கடை வேணாம், பேங்க்கு போங்க, தவணையா கட்டுற வசதி இருக்கான்னு கேட்டுட்டு வைங்க.

இந்தக் கடன அடைக்க மாசம் ஒரு 1,700, 1,800 எங்கிருந்தாவது எடுக்கணும். அதுக்குத்தான் செலவக் குறைக்கிற பேச்சே.

எனக்கு உங்க கணக்குல முதல்ல உறுத்துனது கரண்டு பில்லு. ரெண்டு மாசத்துக்கு 560 யூனிட்டுன்னு போட்டிருக்கீங்க. நம்ம ஊர்ல 500 யூனிட் ஒரு கோடு மாதிரி. முதல் 100 யூனிட் எல்லாருக்கும் ஃப்ரீ, அது தெரியும். 500க்குள்ள இருந்தா 101ல இருந்து 200 வரைக்கும் பாதி ரேட்டுதான், அந்த சலுகை 500ஐ ஒரு யூனிட் தாண்டுனா கூட போயிடும், அதுலயே 200 ரூபாய்க்கு மேல அடி, அதுக்கு மேல ஓடுற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல. 560 யூனிட்டுக்கு உங்களுக்கு 2,500ல இருந்து 2,600 வருதுல்ல, அதையே 490ல நிறுத்துனா 1,750 வாக்குலதான் வரும். 70 யூனிட்டுக்கு 800 ரூபா கிட்ட. வேற எந்த கடைலயும் உங்களுக்கு இந்த தள்ளுபடி கிடைக்காது.

70 யூனிட்ட எப்படி குறைக்கிறதுன்னா, ஃபேன்ல இருந்து ஆரம்பிங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் வாக்குல. ஹால் ஃபேன் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுதுன்னா பழசுல 1.2 யூனிட், புதுசுல அரை யூனிட்கூட இல்ல, ரெண்டு மாசத்துக்கு ஒரு ஃபேன்லயே 43 யூனிட் மிச்சம். ஹாலுக்கு ஒண்ணு பெட்ரூமுக்கு ஒண்ணு மாத்துனா வேலை முடிஞ்சது. ஒரு ஃபேன் 2,500ல இருந்து 3,000 வரும், ரெண்டையும் ஒரே நேரத்துல வாங்க வேணாம், முதல்ல ஹாலுக்கு, கோடைக்கு முன்னாடி. வாடகை வீடாச்சேன்னு யோசிக்காதீங்க, வீட்டு ஓனர் ஃபேன கழட்டி பரண்ல வச்சிட்டு காலி பண்ணும்போது மாட்டிக் குடுத்துட்டு உங்களுத எடுத்துட்டுப் போங்க. ஏசிய 26ல வச்சு ஃபேன போட்டுக்குங்க, ஒரு டிகிரி ஏத்துனா ஏசி கரண்டு 6 பர்சென்ட் குறையும்னு அரசாங்கத்தோட எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது. அப்புறம் ரீடிங் எடுத்துட்டுப் போன முப்பதாவது நாள் நீங்களே மீட்டர்ல போய் பாருங்க, 250ஐ தாண்டியிருந்தா அடுத்த மாசம் கொஞ்சம் கவனமா இருக்க டைம் இருக்கும், பில்லு வந்தப்புறம் பாத்து என்ன பண்றது. இன்னொண்ணு, உங்க பில்லு ஏற்கனவே 200 யூனிட்டுக்குள்ள இருந்திருந்தா இந்த ஃபேன் வாங்குங்கன்னு நான் சொல்லியே இருக்க மாட்டேன், அங்க யூனிட் விலையே கம்மி, போட்ட காசு வர அஞ்சு ஆறு வருஷம் ஆகும். யாருக்கு எது லாபம்னு அவங்கவங்க பில்ல பாத்துதான் சொல்லணும்.

மளிகைல ஒரு ரெண்டு மூணு விஷயம். கடைல அரிசி மூட்டை 26 கிலோன்னு போட்டிருக்குறத பாத்திருப்பீங்க, 2022 ஜூலைல பேக் பண்ண அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 பர்சென்ட் ஜிஎஸ்டி வந்துச்சு, அதுக்கு மேல இல்லன்னதும் வியாபாரிங்க மூட்டையவே 26 ஆக்கிட்டாங்க. ஆக மூட்டையா வாங்குனா அந்த அஞ்சு பர்சென்ட் உங்களுக்கு இல்ல, 5 கிலோ பை, 10 கிலோ பைன்னு மாசாமாசம் வாங்குனா உண்டு. எப்படியும் சாப்பிடப் போற அரிசிதானே, மூட்டையா எடுங்க. விலைய ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க, ஒரு கடைல 25, இன்னொரு கடைல 26ன்னு வச்சு ஏமாறுறது ஈஸி.

எண்ணெய்லதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. ஒரு லிட்டர் சன்ஃபிளவர் ஆயில்னா எடை 910 கிராம் வாக்குல இருக்கணும். இப்ப 850 மில்லி, 800 கிராம்னு விதவிதமா பாக்கெட் வருது, பாக்க எல்லாம் ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும், விலை பத்து ரூபா கம்மியா இருக்கேன்னு எடுத்துட்டு வந்துடுவோம். எம்.ஆர்.பி பக்கத்துலயே ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலைன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், அது கட்டாயம்னு சட்டம் வந்து சில வருஷம் ஆச்சு, அத பாத்து எடுங்க. சோப்பு பவுடர், ஷாம்பு, பிஸ்கட்டு எல்லாத்துக்கும் இதே. பெரிய பாக்கெட்தான் சீப்புன்னு நம்பிட்டு இருப்போம், சில பொருள்ல சின்ன பாக்கெட்ட ரெண்டா வாங்குனா சீப்பா இருக்கும், ஷாம்பு சாஷே அதுக்கு நல்ல உதாரணம்.

ரேஷன் கார்டு இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லல. இருந்தா துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25, அரிசிக் கார்டுன்னா அரிசி சும்மா. வெளிய துவரம்பருப்பு நூறு ரூபாய்க்கு மேல விக்கிற ஊர்ல இத வாங்காம விடுறது வீம்பு. சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி பிடிக்கலன்னா இட்லி தோசைக்கு ஊறப் போடுங்க, பாதி தமிழ்நாடு அப்படித்தான் பண்ணுது, மாவு பாக்கெட் வாங்குற காசும் மிச்சம். மாசம் 200, 250 இதுல நிக்கும். காயெல்லாம் பக்கத்துல உழவர் சந்தை இருந்தா காலைல ஏழு மணிக்குள்ள போங்க, அன்னைக்கு விலைய போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்க, அத ஃபோட்டோ எடுத்துக்கிட்டா வீட்டு வாசல்ல வண்டிக்காரர்கிட்ட பேசும்போதும் உதவும். எப்பவாச்சும் தேவைப்படுற கசகசா, ஜாதிக்காய் மாதிரி ஐட்டமெல்லாம் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்ல வாங்காதீங்க, அண்ணாச்சி கடைல பத்து ரூபாய்க்கு கேட்டா பொட்டலம் கட்டித் தருவாரு.

மொய் விஷயம். இத எந்த ஃபைனான்ஸ் வீடியோலயும் பேச மாட்டாங்க, ஆனா உங்க கணக்குல இது 18,000, ஹெல்த் இன்சூரன்ஸவிட ஜாஸ்தி. மொய் வைக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது செலவே இல்ல, கொடுக்கல் வாங்கல், நம்ம வீட்டு விசேஷத்துல வாங்குனத திருப்பித்தான் ஆகணும். பேராவூரணி பக்கம் போனா ஆடி மாசம் மொய் விருந்துன்னே தனியா நடத்தி லட்சக்கணக்குல வாங்கி தொழிலுக்குப் போடுறாங்க, அது வேற லெவல். உங்க வீட்டு மொய் நோட்ட எடுங்க, உங்க கல்யாணத்துக்கு, பொண்ணு காதுகுத்துக்கு யாரு எவ்வளவு வச்சாங்கன்னு இருக்கும். அதுல பேரு இருக்குறவங்களுக்கு அவங்க வச்சதோட கொஞ்சம் சேத்து வைங்க. நோட்ல இல்லாத ஆபீஸ் ஆளு, பழைய வீட்டு பக்கத்து வீட்டுக்காரருன்னா 200 போதும், கௌரவத்துக்கு 1,000 வச்சு புதுசா ஒரு கணக்க ஆரம்பிக்காதீங்க, அவங்களும் அத திருப்பி வைக்க கஷ்டப்படணும். உங்க 18,000ல பாதிக்கு மேல மொய்யே கிடையாது, போக்குவரத்து. 500 ரூபா மொய் வைக்க மூணு பேரா ஊருக்கு ஆம்னி பஸ்ல போயிட்டு வந்தா 4,000 ஆகுது. நெருங்குன சொந்தத்துக்கு குடும்பமா போங்க, மத்ததுக்கு நீங்க ஒருத்தர் மட்டும் ரயில்ல போங்க, தூரத்து உறவுன்னா ஃபோன்ல ரெண்டு வார்த்தை நல்லா பேசிட்டு ஜிபேல அனுப்பிடுங்க, இப்ப பத்திரிகைலயே க்யூஆர் கோடு அடிக்கிறாங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இத 12,000க்கு கொண்டுவந்தா மாசக் கணக்குல 500.

தீபாவளில 20,000ஐ 14,000 ஆக்குறதும் அதே மாதிரிதான். துணிய ஆடித் தள்ளுபடில எடுக்கலாம்னு சொல்வாங்க, அது எடுக்க வேண்டியத மட்டும் எடுக்குறவங்களுக்கு, நம்மாளுங்க ஆடிக்கும் எடுத்துட்டு தீபாவளிக்கும் எடுப்பாங்க. உங்க வீடு எந்த ரகம்னு உங்களுக்குத் தெரியும். பஸ் டிக்கெட்டுதான் நிஜமான ஓட்டை, ரயில் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், அந்த தேதிய இப்பவே ஃபோன்ல அலாரம் வைங்க, அது கிடைச்சா ஆம்னி பஸ்ஸுக்கு தீபாவளி நேரத்துல குடுக்குற காசுல முக்காவாசி மிச்சம்.

ஃபோனு சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிடுறேன். 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு பன்னெண்டு தடவ இல்ல, பதிமூணு தடவ ரீசார்ஜ் பண்றீங்க, 84 நாள் பிளான் எடுங்க. ஊர்ல அம்மாவோட பட்டன் ஃபோனுக்கு டேட்டா பிளான் போடுறதா எழுதியிருந்தீங்க, எதுக்கு? ஃபோன் கம்பெனிகள கண்காணிக்கிற ட்ராய் சொன்னதால 2025 ஜனவரில இருந்து எல்லா கம்பெனியும் பேச மட்டும்னு தனி பிளான் குடுக்குறாங்க, ஆப்ல அடில ஒளிச்சு வச்சிருப்பாங்க, தேடி எடுங்க. அம்மா பிபி மாத்திரைய வெளிய வாங்குறாங்கன்னா முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம்னு அரசாங்கத்தோட மலிவு விலை மருந்துக்கடை ரெண்டுலயும் விசாரிங்க, டாக்டர்கிட்ட மருந்தோட மூலப்பேர எழுதி வாங்கிட்டுப் போனா போதும். மக்களைத் தேடி மருத்துவம்னு அரசாங்கத் திட்டம் இருக்கு, அதுல பதிஞ்சா பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்து சும்மா குடுக்குறாங்க.

ஹெல்த் இன்சூரன்ஸ் 15,000ல மட்டும் கை வைக்காதீங்க. ஆபீஸ்ல இருக்கேன்னு தோணும், வேலை போனா அதுவும் போகும். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, முன்னாடி 18 பர்சென்ட் இருந்தது, இந்தத் தடவ ரினியூவல் வரும்போது அந்த வரி கழிஞ்சிருக்கான்னு பாருங்க.

வெளிச் சாப்பாடு, சரி, இதையும் சொல்லணும். வாரம் ஒருநாள் பிரியாணி ஆர்டர் பண்றத நிறுத்தாதீங்க, வீட்ல சமைக்கிறவங்களுக்கும் ஒருநாள் லீவு வேணும். ஆனா ஆப்ல பண்ணாதீங்க. கடைல 220 ரூபாய்னு போட்டிருக்குற பிரியாணி ஆப்ல பெரும்பாலும் ஏத்துன விலைலதான் இருக்கும், அதுக்கு மேல பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் ஃபீஸுன்னு ஏறும். 2023ல ரெண்டு ரூபாய்ல ஆரம்பிச்ச பிளாட்ஃபார்ம் ஃபீஸ் இப்ப பத்து ரூபாயத் தாண்டியாச்சு. ஒரு தூக்குச்சட்டிய எடுத்துட்டு நடந்து போய் பார்சல் வாங்குங்க, அதே பிரியாணி, நூறு ரூபா கம்மி. பத்து நிமிஷ டெலிவரி ஆப்பும் இதே கதைதான், அங்க விலையவிட ஆபத்து என்னன்னா தயிர் வாங்கப் போய் மினிமம் ஆர்டருக்காக சாக்லேட்டு சிப்ஸுன்னு 150 ரூபாய்க்கு சேத்துக்கிறது.

இப்ப கூட்டிப் பாருங்க. கரண்டு மாசத்துக்கு 400, மொய் 500, தீபாவளி 500, ரேஷன் 200, ஃபோனு 150. 1,750 வந்துருச்சு, டீல கையே வைக்கல. இத அப்படியே பேங்க் நகைக் கடனுக்கு கட்டுனா பதினோரு மாசத்துல 18,000 முடிஞ்சிடும். அதுக்குள்ள பைக் இஎம்ஐயும் முடியப் போகுதுன்னு சொன்னீங்க, முடிஞ்ச மறுமாசம் அந்த 3,200 தானாவே ஒரு ஆர்டிக்குப் போற மாதிரி இப்பவே எழுதி வைங்க, ஒரு மாசம் கையில விட்டீங்கன்னா அது இல்லாம வாழவே முடியாதுன்னு ஆயிடும். முதல் 50,000 சேர்ற வரைக்கும் ஷேரு, ஃபண்டு எதுவும் வேணாம், ஆஸ்பத்திரிக்கோ வேலை போனாலோ எடுக்குற காசு அது.

கடைசியா பக்கத்து வீட்டு அக்கா நடத்துற தீபாவளிச் சீட்டுல சேரலாமான்னு கேட்டிருந்தீங்க, மாசம் 1,000 கட்டுனா தீபாவளிக்கு பலகாரம், மளிகை, ஒரு வெள்ளிக் காசு. வேணாம். அந்த அக்கா நல்லவங்களாவே இருக்கலாம், ஆனா அவங்க காச எங்க போடுறாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, சில சமயம் அவங்களுக்கே தெரியாது, மேல ஒருத்தர்கிட்ட கட்டிட்டு இருப்பாங்க. சீட்டுன்னா 1982 சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், சீட்டுப் பதிவாளர் ஆபீஸ்ல கேட்டா தெரிஞ்சிடும், இந்த மாதிரி பலகாரச் சீட்டு பெரும்பாலும் எதுலயும் பதிஞ்சிருக்காது, போச்சுன்னா போலீஸ் ஸ்டேஷன்ல வரிசைல நிக்க வேண்டியதுதான். நகைக்கடை 11 மாசச் சீட்டு அந்த அளவுக்கு மோசமில்ல, ஆனா கடன் இருக்குறப்ப அதுவும் வேணாம், கடைசில அந்தக் கடைலயே அவங்க சொல்ற செய்கூலி சேதாரத்துக்கு வாங்கித்தான் ஆகணும். அக்காகிட்ட முகத்துக்கு நேரா மறுக்க சங்கடமா இருந்தா ஆபீஸ்ல ஏற்கனவே ஒரு சீட்டு கட்டிட்டு இருக்கேன்னு சொல்லிடுங்க. வருஷச் செலவு அக்கவுண்ட்டுக்கு மாசம் போற காசும் ஒரு சீட்டு மாதிரிதானே.